வெறுங்குண்டு

"டிக்" என்று கேட்டது. அவ்வளவுதான். வேட்டும் இல்லை, புகையும் இல்லை.

லயல் பாஸ்கோ தோளில் பதித்த துப்பாக்கியை இறக்கவில்லை. அதன் வாய் தூரத்துக் குறி அட்டையைப் பார்த்தபடியே இருக்க, சிலை மாதிரி நின்றார். மருந்துக்குப் பொறி வைக்கிற சின்னக் கேப்பு வெடித்தும் உள்ளே மருந்து பற்றவில்லையென்றால் ஒரு முழு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. மருந்து எந்த நொடியிலும் தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். ஓர் ஈ வந்து அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துக்கொண்டு, சாவகாசமாக உதட்டுக்கு இறங்கியது. லயல் அதை ஊதி விரட்டக்கூட இல்லை. ஊதலாமா கூடாதா என்று விதியில் எதுவும் சொல்லவில்லை. விதியில் சொல்லாததைச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த விதிகளை எழுதியவரே அவர்தான்.

நிமிடம் கழிந்ததும் புதுக் கேப்பு மாட்டி மறுபடி சுட்டார். டிக். இன்னொன்று மாட்டினார். டிக். அதற்குள் நேரம் முடிந்ததற்கான விசில் ஊதிவிட்டது. வரிசையிலிருந்த மற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காலி செய்து காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். லயலின் துப்பாக்கிக்குள் மட்டும் குண்டு உட்கார்ந்திருந்தது.

வரிசையில் ஒரு துப்பாக்கிக்குள் குண்டு இருக்கும்வரை ஒருவரும் முன்னால் போய் அட்டைகளை எடுக்க முடியாது. அட்டைகளை எடுக்காமல் புள்ளி எண்ண முடியாது. புள்ளி எண்ணாமல் எந்த அணி ஜெயித்தது என்று சொல்ல முடியாது. இரண்டு ஊர் ஜனங்களும் ஒரு ஈயக் குண்டுக்காகக் காத்து நின்றார்கள்.

அன்றைக்குப் போட்டி லயலின் ஊரான கூலாபின்னுக்கும் டன்ஹோப்புக்கும். யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மைதானத்தில்தான் அடுத்த ஈஸ்டருக்கு மாநிலப் போட்டி நடக்கும். டன்ஹோப்புக்கு அது ஒரு கௌரவம். கூலாபின்னுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கோதுமைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்குவாரிதான் அவர்களுடைய மைதானம். அந்தப் பள்ளத்தைக் குப்பை கொட்டும் இடமாக்க வேண்டும் என்று நகரசபை ரொம்ப நாளாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. மாநிலப் போட்டி வந்தால் யாரும் அதில் கை வைக்க முடியாது. ஊரில் ஏற்கெனவே வங்கி போய்விட்டது. கால்பந்து அணியைப் பக்கத்து ஊர் அணியோடு சேர்த்துவிட்டார்கள். குவாரியும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள சாவு வீடுதான் மிச்சம்.

டன்ஹோப் அணித் தலைவர் ஆர்னோ லிண்ட்னர்தான் அன்றைக்கு நடுவர். வந்த அணியின் தலைவரே நடுவராக இருக்க வேண்டும், உள்ளூர்க்காரன் தில்லுமுல்லு செய்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதும் லயல் எழுதிய விதிதான். ஆர்னோ பெரிய உடம்புக்காரர், திராட்சைத் தோட்டக்காரர். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"என்னப்பா லயல், மருந்து போட மறந்துட்டியா?"

வாய் வழியாக மருந்து கொட்டி, அதன் மேல் குண்டை வைத்து, கம்பியால் கிட்டித்துச் சுடுகிற துப்பாக்கியில் ஒருவனுக்கு வரக்கூடிய மிகப் பெரிய அவமானம் அது. மருந்தை மறந்துவிட்டு வெறும் குண்டை இறக்கிவிடுவது. அதற்கு 'வெறுங்குண்டு' என்று பேர். புதிதாகச் சேர்ந்தவன் ஒருமுறை செய்வான். சாகிறவரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். லயல் இந்த விளையாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாளும் செய்ததில்லை.

அவர் மேசையில் இருந்த மரப்பலகையைக் காட்டினார். அதில் துளை துளையாகப் போட்டு, மருந்து நிறுத்து அடைத்த பதிமூன்று சின்னக் குப்பிகள். ஒருவருக்குப் பதிமூன்று வேட்டு, அதில் நல்லதாகப் பத்து மட்டும் கணக்கு; பதிமூன்றுக்கு மேல் ஓர் ஓட்டை இருந்தாலும் அட்டையே செல்லாது. முந்தின நாள் சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரே ஒவ்வொரு குப்பியாக நிறுத்து அடைத்தவை. சுட்டு முடிந்த குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். கடைசியாகக் கவிழாமல் நின்ற ஒரே குப்பியையும் எடுத்துத் துப்பாக்கிக்குள் சாய்த்துவிட்டுத்தான் குண்டை வைத்தார்.

ஆர்னோ குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பதிமூன்றும் காலி.

"அப்போ மருந்து உள்ளதான் இருக்கு" என்றார் ஆர்னோ. சிரிப்பு போய்விட்டது. உள்ளே மருந்து இருந்து பற்றாமல் இருக்கிறதென்றால் அது வேடிக்கை இல்லை. லயலின் புத்தகப்படி அரைமணி நேரம் துப்பாக்கியைத் தொடாமல் ஆற விட வேண்டும். சுட்டவர் அதன் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. காலி செய்ய ஓர் உதவியாள் வைத்துக்கொள்ளலாம். அவர் அன்றைக்குச் சுட்டு முடித்தவராகவும் சொந்தக் கழகத்துக்காரராகவும் இருக்க வேண்டும், அந்தத் துப்பாக்கிக் குழல் அளவுக்குப் பொருந்துகிற, குண்டைக் குத்தி இழுக்கும் திருகு அவரிடம் இருக்க வேண்டும்.

யாரிடம் இருக்கிறது என்று ஆர்னோ உரக்கக் கேட்டார். கூலாபின்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். கடைசியில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது லயலின் மகள் கெரின்.

போன ஈஸ்டருக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. கெரின் இரண்டு மணி நேரக் கார்த் தொலைவில் இன்னொரு ஊரில் அறுவடை எந்திரங்களைப் பழுது பார்க்கிறவள். அணியில் ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதால், கழகத்துக் காரியதரிசி நோலீன் யாரையும் கேட்காமல் கெரினுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள். வருகிறாள் என்று லயலுக்குத் தெரிந்ததே முந்தின நாள் சாயங்காலம்தான். அவருக்குப் பக்கத்து மேசையை ஒதுக்கியதும் நோலீன் வேலைதான். சுடும்போது அவள் இரும, இவர் திரும்ப, இவர் பார்ப்பதை அவள் பார்க்க, உடனே இருவரும் அட்டையைப் பார்க்க, இப்படித்தான் அந்த அரைமணி நேரமும் போயிற்று.

கெரின் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையின் அந்தப் பக்கம் நின்றாள். துப்பாக்கி இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது.

அரைமணி நேரம் சும்மா நிற்க வேண்டும். பேசுவதற்கு உலகத்தில் எவ்வளவோ இருந்தன. லயல் காற்றைப் பற்றிச் சொன்னார். கெரின் ஆமாம் என்றாள். மழை இல்லாததைப் பற்றிச் சொன்னார். அதற்கும் ஆமாம் என்றாள். அதற்கப்புறம் இருவரும், குவாரி விளிம்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த ரோஜா நிறக் காலா கிளிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் கெரின் கடைசியில்.

"துப்பாக்கிய விட்டு நகரக் கூடாதே."

அவள் போய்க் கொண்டுவருகிறேன் என்று நோலீனின் தகரக் கொட்டகைக்குப் போனாள். நோலீன் அங்கே சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னலில் ஒரு தொலைநோக்கியும் வைத்திருப்பாள். வெங்காயம் வதங்குகிற நேரத்தில் அட்டைகளைப் பார்த்து, யார் எப்படிச் சுடுகிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நேரடி ஒலிபரப்பு செய்வது அவள் பொழுதுபோக்கு.

ஒரு சாசேஜ் வாங்கி வர இவ்வளவு நேரமா என்று லயல் நினைக்கிற அளவுக்கு நேரம் ஆயிற்று. கெரின் திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ரொட்டியை அவர் கையில் கொடுத்து, தக்காளி சாஸ் சட்டையில் சொட்டாமல் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் அவளுக்குக் காகிதம் பிடித்த மாதிரி. லயல் மென்று விழுங்கினார்.

"நான் மருந்து போட்டதை நீ பாத்தியா?" என்றார்.

"துப்பாக்கியக் காலி பண்றதைப் பத்தி மட்டும்தான் நான் உங்ககிட்ட பேசலாம்" என்றாள் கெரின்.

அவள் சொன்னது சரிதான். சுடும் வரிசையில் நிற்பவரிடம் அவர் சுடுவதைப் பற்றி நடுவரைத் தவிர வேறு யாரும் ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது. சொன்னவரும் போட்டிக்கு வெளியே, கேட்டவரும் வெளியே. துப்பாக்கியில் குண்டு இருக்கும்வரை அவர் வரிசையில் நிற்பவராகவே கருதப்படுவார். லயலின் புத்தகத்தில் மிகவும் கறாரான விதி அது.

"உள்ள மருந்து இருக்கா இல்லையாங்கிறது காலி பண்றதுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே. அதைச் சொல்லு."

கெரின் யோசித்தாள். "இல்லை" என்றாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். குப்பியச் சாய்ச்சீங்க. ஒண்ணும் விழல."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"போன வருஷம் சொன்னேனே."

போன வருஷம் அவளுக்குப் பக்கத்தில் ஹோடர் என்று ஒரு தள்ளாத வயதுக்காரர் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் மருந்து போடாமல் குண்டை எடுத்ததைப் பார்த்துவிட்டு, பாவம், எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுவாரே என்று, "மருந்து போடலை" என்று கெரின் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்குப் போட்டி டன்ஹோப் மைதானத்தில், வந்த அணித் தலைவரான லயல்தான் நடுவர். அவர் காதில் விழுந்தது. கிழவரையும் மகளையும் சேர்த்தே வெளியே அனுப்பினார். மகள் என்பதால் விட்டுவிட்டான் என்று ஒருவன் சொல்லக்கூடாது பாருங்கள். ஒருவனும் சொல்லவில்லை. அவர் மனைவி ஜோன் மட்டும் அதற்கப்புறம் மகளைப் பார்க்கத் தனியாகப் போய்வந்தாள், போகும்போது எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்வதில்லை.

லயல் ரொட்டியின் கடைசித் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போன வருஷம் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று அவர் நெஞ்சில் ஒரு வருஷமாக இருந்தது. கிட்டித்து வைத்த குண்டு மாதிரி அதுவும் வெளியே வர மறுத்தது.

"சாசேஜ் நல்லா வெந்திருக்கு" என்றார்.

"ம்" என்றாள் கெரின்.

"ஆனா பதிமூணு குப்பியும் காலியா இருக்கே. ஒண்ணுல இருந்தது உள்ள விழலன்னா அந்த மருந்து எங்க போச்சு?"

கெரின் அட்டைகள் இருந்த திசையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அது சுடுறதைப் பத்தின கேள்விப்பா. நான் பதில் சொல்லக்கூடாது."

இது பழிவாங்கல் என்று லயலுக்குப் பட்டது. தன் விதியை எடுத்துத் தன் தலையிலேயே சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறாள். கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அரைமணி முடிந்ததும் ஆர்னோ வந்து சுலபமான வழி சொன்னார். கேப்பு மாட்டுகிற முனையைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிட்டிகை மருந்தைத் தள்ளி, முனையை மறுபடி மாட்டிச் சுட்டுவிட வேண்டியதுதான். உள்ளே மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் குண்டு வெளியே போய்விடும். லயலும் அதைத்தான் நினைத்திருந்தார். இடையில் துப்பாக்கி கோளாறு செய்தால், சரி செய்தபிறகு மிச்சமிருக்கிற வேட்டைத் தன் அட்டையில் சுடுவதற்குச் சுட்டவருக்கு உரிமை உண்டு. பதிமூன்றாவதைச் சுட்டே தீருவேன், அணிக்கு ஒரு புள்ளிகூட என்னால் குறையக்கூடாது என்று அவர் ஆர்னோவிடம் கண்டிப்பாகச் சொன்னார். கெரின் ஸ்பானரை எடுத்து முனையைக் கழற்றினாள். கழற்றியதும் அது அவள் விரலிலிருந்து நழுவிச் சரளைக்கற்களுக்குள் விழுந்தது.

ஒரு பட்டாணி அளவு இரும்பு. லயல் முட்டி போட்டுத் தேடினார். ஆர்னோ தன் பெரிய உடம்பை மடக்கித் தேடினார். பின்னாலிருந்து நாலைந்து பேர் வந்து, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் தவழ்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஜெபக் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். கெரின் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையாமல், அங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவள் பூட்ஸுக்கு அடியிலிருந்தே அது அகப்பட்டது. அவள் ஏறி நின்றதில் மரை நசுங்கிப் போயிருந்தது.

"இனி இது பிடிக்காது" என்றாள். எந்திரம் பார்க்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். லயல் மாற்று முனையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வேறு யாரிடமும் அந்த அளவு இல்லை.

அப்படியானால் திருகுதான் வழி. உள்ளே தண்ணீர் விட்டு மருந்தை, இருந்தால், நனைத்துவிட்டு, கம்பி நுனியில் திருகை மாட்டி இறக்கி, ஈயக் குண்டுக்குள் முறுக்கி, பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்க வேண்டும். அப்புறம் முனை இல்லாத தன் துப்பாக்கிக்குப் பதிலாக வேறு யாரிடமாவது ஒரு துப்பாக்கி கடன் வாங்கியாவது பதிமூன்றாவதைச் சுட்டுவிடலாமா என்று லயல் கேட்டார். ஆர்னோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடன் துப்பாக்கி கூடாது என்று நீதானே எழுதியிருக்கிறாய் என்றார். அது நல்ல விதி என்று லயல் ஒப்புக்கொண்டார்.

ஆகவே முனையை ஓர் அரத்தால் சரிசெய்து பார்ப்பது, அதற்குள் குண்டைத் திருகால் எடுப்பது என்று முடிவாயிற்று. அரம் எங்கே என்று கேட்டால் நோலீனின் கொட்டகையில் இருக்க வேண்டிய அரத்தைக் காணவில்லை. சரி, முதலில் குண்டு.

கெரின் திருகை இறக்கி முறுக்கினாள். லயல் துப்பாக்கியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்தார்கள். கண்ணுக்குக் கண் ஒரு முழ தூரம். அவள் நெற்றியோர முடியில் நரை விழுந்திருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். இது எப்போதிருந்து என்று கேட்க வாயெடுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி மட்டும் கெரினோடு பின்னால் போயிற்று. லயல் துப்பாக்கியோடு உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். திருகு நடுவில் முறிந்து பாதி குண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பின்னால் நின்ற கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது லயலுக்கு. ஒரு பெண் மட்டும், ஐயோ பாவம், வயசாயிடுச்சு என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

நாலு மணிக்கு மேல் குவாரியில் ஒரு வேட்டுக்கூடக் கேட்கக் கூடாது. வேலிக்கு அப்பால் வண்டிப் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவர் அந்த நேரத்தில் அவற்றை வெளியே விடுவார். அவரோடு செய்துகொண்ட அந்த உடன்பாட்டின் மேல்தான் மைதானமே நின்றது. ஆர்னோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் அதிகம் இல்லை.

"கிரீஸ் துப்பாக்கி இருக்கு என் வண்டியில" என்றாள் கெரின். "அந்த முனைத் துளையில பொருத்தி அமுக்கினா, கிரீஸ் பின்னாலேர்ந்து தள்ளி குண்டு தானா வந்துடும்."

"குழல் பூரா கிரீஸ் ஆயிடுமே. இன்னைக்கு அதுல சுடவே முடியாது" என்றார் லயல்.

"முடியாதுதான்."

லயல் அட்டையைப் பார்த்தார். பின்னால் நிற்கிற ஜனங்களைப் பார்த்தார். டன்ஹோப்பிலிருந்து வந்த குழந்தைகள் வெயிலில் வாடிப்போய் வண்டிகளின் நிழலில் படுத்திருந்தன. அவர் ஒருவருடைய ஒரு வேட்டுக்காக இத்தனை பேர். அவர் தலையை அசைத்தார்.

கெரின் அமுக்கினாள். லயல் தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே மிக நிதானமான அமுக்கல் அது. ஒவ்வொரு அமுக்குக்கும் நடுவில் நின்று, பொருத்தியது சரியாக இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தாள். உள்ளே குண்டு முனகிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏறிற்று. வேலிக்கு அப்பால் முதல் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்ட நேரத்துக்குத் துப்பாக்கி வாயிலிருந்து, பாதித் திருகைத் தலையில் குத்திக்கொண்டு, ஈயக் குண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு லயலின் பூட்ஸ் மேல் விழுந்தது. அதன் பின்னால் ஒரு முழம் கிரீஸ் வந்தது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு மணி மருந்துகூட அதில் இல்லை.

எல்லோரும் பார்த்தார்கள். வெறுங்குண்டு.

ஆர்னோ பச்சைக் கொடியை உயர்த்தினார். ஆட்கள் அட்டைகளை எடுக்க ஓடினார்கள். லயல் குனிந்து அந்தக் குண்டை எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் குப்பிகளை அடைத்துக்கொண்டிருந்தபோதுதான், கெரின் நாளைக்கு வருகிறாள் என்று ஜோன் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அந்தச் சமயத்தில் ஒரு குப்பியை அடைக்காமல் விட்டிருக்க வேண்டும். வேறு எப்படி நடந்திருக்கும்? முப்பது வருஷத்தில் ஒரு குப்பி. அவருக்கு அது விளங்கியதும் மனசு லேசாகக்கூட ஆனது. தப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் வெட்கப்படத் தேவையில்லாத காரணம்.

கூட்டம் கொட்டகை முன்னால் கூடியபோது அவர் முன்னால் போய் நின்றார். கையெல்லாம் கிரீஸ். மருந்து போடாமல் குண்டை இறக்கியது தான்தான் என்றும், பதிமூன்று சுட வேண்டிய இடத்தில் அணிக்குப் பன்னிரண்டுதான் சுட்டுக் கொடுத்திருப்பதாகவும், எல்லோருடைய மத்தியானத்தையும் வீணாக்கியதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். விதிக் குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். கூட்டத்துக்கு நடுவில் நின்ற கெரினைப் பார்த்து, "போன வருஷம் ஹோடர் கிட்ட இவ சொன்னது தப்பில்ல. நான் அனுப்பினதுதான் தப்பு" என்றார். சொல்லிவிட்டு, கையைத் துடைக்கத் துணி தேடுகிறவர் மாதிரி சட்டென்று கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

அங்கே குழாயடியில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆர்னோ முடிவைப் படிப்பது கேட்டது. கூலாபின் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தது. இரண்டு அணியிலும் சேர்த்து மிகச் சிறந்த அட்டை லயல் பாஸ்கோவுடையது. ஊர் ஜனங்கள் தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். வேலிக்கு அப்பால் குதிரைகள் மிரண்டன. லயல் கையில் சோப்பு நுரையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பன்னிரண்டு வேட்டிலேயே இப்படியா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கெரின் வந்து துண்டைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரலாமா என்று கேட்டாள்; ஜோனிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடம் கேட்டாள். வா என்றார் லயல். அவள் தன் பெட்டியை வண்டியில் வைக்கப் போனாள்.

லயல் ஒரு டீ வாங்கக் கொட்டகை ஜன்னலுக்குப் போனார். நோலீன் தொலைநோக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்திருந்ததில் அவருக்கு யாரிடமாவது மகளைப் பற்றிப் பேச வேண்டும் போலிருந்தது. நல்ல பெண்தான், ஆனால் என்ன எந்திரம் பார்க்கிறாளோ என்றார். கையிலிருந்த முனையைக் கீழே போடுகிறாள், அதன் மேலேயே ஏறி நிற்கிறாள், ஓர் ஈயக் குண்டை இழுக்கத் தெரியாமல் திருகை உடைக்கிறாள். மட்டமான திருகு போலிருக்கிறது, பிறந்தநாளுக்கு நல்லதாக ஒன்று வாங்கித் தர வேண்டும்.

நோலீன் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மட்டமா? உங்க அட்டையில பதிமூணு ஓட்டை அப்பவே விழுந்தாச்சு, கவிழ்க்க மறந்த காலிக் குப்பியத்தான் மறுபடி சாய்ச்சிருக்கீங்க, பதினாலாவதும் விழுந்தா நீங்க உங்க கையாலயே அட்டையைக் கிழிச்சுப் போட்டுருவீங்க, சொல்லவும் வழியில்லன்னு சாசேஜ் வாங்க வந்தவகிட்ட நான் சொன்னதும், அவ இங்க பின்னால உக்காந்து என் அரத்தால அந்தத் திருகைப் பாதி ராவினப்புறம்தான், லயல், அது உடையற பதத்துக்கே வந்துச்சு."